லிவர் ரிப்போர்ட் நார்மல்தான்... அப்புறம் ஏன் மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுக்கணும்?

ஒரு காட்சியை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் 34 வயதுப் பெண். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். இரண்டு வருடத்துக்கு முன்பு கண் மஞ்சளானது, சாப்பாடு பிடிக்கவில்லை, உடம்பு அசந்து போனது. ஒரு மாதம் கைவைத்தியம் பார்த்துவிட்டு மதுரைக்குப் போனார். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கல்லீரலில் ஊசி போட்டுத் துளி சதை எடுக்கும் பயாப்ஸி என்று எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் ஒரு பெயரைச் சொன்னார்: ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ்.

மாத்திரை ஆரம்பித்தார். மஞ்சள் போனது, பசி வந்தது, வேலைக்குத் திரும்பினார். கடைசியாக எடுத்த ரிப்போர்ட்டில் எல்லா எண்களும் நார்மல்.

இப்போது அடுத்த செக்கப் தேதி வருகிறது. ராஜபாளையத்திலிருந்து மதுரை சுமார் 85 கிலோமீட்டர். ஒரு நாள் லீவு, பஸ், டோக்கன், காத்திருப்பு. வீட்டிலோ அம்மா கேட்கிறார்: "ஏம்மா, நல்லாத்தானே இருக்க? எத்தன நாளைக்குத்தான் இந்த மாத்திரை?" அவருக்கும் தோன்றுகிறது, இந்த முறை விட்டுடலாமா?

என்னைக் கேட்டால், இந்த நோயிலேயே ரொம்ப ஆபத்தான நாள் இதுதான்.

உடம்பே உடம்பைத் தாக்கினால்...

நம் உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலம் வெளியிலிருந்து வரும் கிருமியைத் தாக்க வேண்டும். சிலருக்கு அது தடம் மாறி, சொந்த உறுப்பையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. மூட்டைத் தாக்கினால் முடக்குவாதம். கல்லீரல் செல்களைத் தாக்கினால் ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ். நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் பெண்கள். குழந்தைக்கும் வரலாம், அறுபது வயதிலும் வரலாம்.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு நோய்கள் இருக்கின்றன. பிபிசி என்பது கல்லீரலுக்குள் இருக்கும் சிறு பித்தநாளங்களைத் தாக்குவது. பிஎஸ்சி என்பது பெரிய பித்தநாளங்களையும் சேர்த்துச் சுருக்குவது. இது உள்ள பலருக்குப் பெருங்குடல் புண் நோயும் சேர்ந்தே இருக்கும், அதனால் குடலையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். மாத்திரைகள் வேறு வேறு. ஆனால் மூன்றுக்கும் ஒரு விஷயம் பொது: வருடக்கணக்கில் கண்காணிக்க வேண்டும்.

இங்கே ஒரு சமூகச் சிக்கலும் இருக்கிறது. நம்ம ஊரில் லிவர் கெட்டுப்போச்சு என்றாலே அடுத்த கேள்வி, "குடிப்பாரா?" வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடத் தொடாத பெண் இந்தக் கேள்விக்குப் பயந்து நோயை மறைக்கிறார். மறைப்பவர் செக்கப்புக்கும் மறைந்து மறைந்துதான் போக வேண்டியிருக்கிறது. ஒரு கட்டத்தில் அதுவும் நின்றுவிடுகிறது. இந்த நோய் குடியால் வருவதில்லை என்பதைச் சத்தமாகச் சொல்வதும் சிகிச்சைக்குச் செய்யும் உதவிதான்.

27 பேரில் 15 பேர்

இந்த நோயை 1950-ல் ஸ்வீடன் மருத்துவர் யான் வால்டன்ஸ்ட்ரோம் விவரித்தார். அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. 1971-ல் லண்டனில் ஷீலா ஷெர்லாக் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 49 நோயாளிகள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கப்பட்ட 22 பேரில் 3 பேர் இறந்தார்கள். கொடுக்கப்படாத 27 பேரில் 15 பேர் இறந்தார்கள்.

மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் இருந்த வித்தியாசம் உயிர்தான். இன்றைக்கு அதே பிரெட்னிசோலோனுடன் அசதியோபிரின் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஸ்டீராய்டு தீயை அணைக்கும். அசதியோபிரின் மறுபடி பற்றாமல் பார்த்துக்கொள்ளும். பிறகு ஸ்டீராய்டின் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள். இரண்டுமே பழைய மருந்துகள், நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பவை. மருந்து கிடைக்கிறது, அதைக் கண்காணித்துக் கொடுக்கிற ஏற்பாடுதான் சின்ன ஊர்களில் பலவீனமாக இருக்கிறது.

'நார்மல்' என்றால் என்ன அர்த்தம்?

டைபாய்டு வந்தால் மாத்திரை சாப்பிடுகிறோம், நோய் போகிறது, மாத்திரையை நிறுத்துகிறோம். இங்கே அந்தக் கணக்கு வேலை செய்யாது. ரிப்போர்ட் நார்மல் என்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். நோய் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை.

மருந்தை நிறுத்தியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்புகிறது. சில ஆய்வுகளில் 90 சதவீதம் வரை. பெரும்பாலும் நிறுத்திய முதல் வருடத்துக்குள்ளேயே திரும்பிவிடும். அதனால்தான் குறைந்தது இரண்டு வருடம் தொடர்ந்து எல்லா எண்களும் நார்மலாக இருந்தால் மட்டுமே நிறுத்துவதைப் பற்றிப் பேசவே ஆரம்பிக்கிறார்கள். அப்படி டாக்டர் சொல்லி நிறுத்தியவருக்கும் கண்காணிப்பு தொடரும். பல வருடம் கழித்துத் திரும்புவதும் உண்டு.

இன்னொரு விஷயம், கல்லீரலுக்குள் நடக்கும் அழற்சி பெரும்பாலும் வலிக்காது. கையில் காயம் என்றால் ரத்தம் வரும், கட்டுப் போடுவோம். ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி எங்கெல்லாமோ போகிறது. இந்தக் காயத்துக்குக் கட்டும் போட முடியாது, கண்ணாலும் பார்க்க முடியாது. ரத்தப் பரிசோதனை எண்கள்தான் அதைப் பார்க்கிற கண். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று உடம்பைக் கேட்டு முடிவெடுத்தால், உடம்பு பதில் சொல்லும்போது தாமதமாகியிருக்கும். நோய் கண்டுபிடிக்கப்படும்போதே ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கல்லீரல் தழும்பாகிச் சுருங்கும் சிரோசிஸ் வந்துவிட்டிருக்கிறது. அத்தனை காலம் அவர்களில் பலர் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

எதை எதையெல்லாம் பார்க்கிறார்கள்?

மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும்: நோய், மருந்து, தழும்பு.

*நோய் அடங்கியிருக்கிறதா?* எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி என்ற இரண்டு என்சைம்கள், அதோடு ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம். சிகிச்சை ஆரம்பித்து ஆறு மாதத்துக்குள் இந்த மூன்றும் நார்மல் ஆக வேண்டும் என்பது இப்போதைய இலக்கு. ஆரம்பத்தில் ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, எல்லாம் அடங்கிய பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை. 'கொஞ்சம்தானே கூட இருக்கு' என்று விடக்கூடாது. எஸ்ஜிபிடி 28, 31, 30 என்று வந்துகொண்டிருந்து திடீரென 70 என்றால், 70 பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் ஏதோ மாறியிருக்கிறது. ஒரு ரிப்போர்ட்டைவிட ரிப்போர்ட்டுகளின் வரிசை முக்கியம். முடிந்தவரை ஒரே லேப்பில் எடுத்தால் வரிசை தெளிவாகத் தெரியும்.

*மருந்து தொந்தரவு கொடுக்கிறதா?* அசதியோபிரின் சிலருக்கு எலும்பு மஜ்ஜையை அடக்கி, வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும். இதற்கு வாய்ப்புள்ள என்யுடிடி15 என்ற மரபணு மாற்றம் இந்தியர்கள் உட்பட ஆசியர்களிடம் ஐரோப்பியர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. ஆரம்ப வாரங்களில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தால், 'உப்புத் தண்ணி குளிச்சது' என்று விடாமல் உடனே சிபிசி எடுக்க வேண்டும். காய்ச்சல், தொண்டைப்புண் வந்தாலும் அப்படித்தான்.

ஸ்டீராய்டு வேறு விதம். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், எலும்பைத் தேய்க்கும், கண்ணில் புரை வரவைக்கும். அதனால் சர்க்கரை, பிபி, எலும்பு அடர்த்தி, கண் பரிசோதனை எல்லாம் பட்டியலில் சேரும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரிடம் பால்கோவா சாப்பிடாதே என்று சொல்வது கஷ்டம்தான். ஆனால் ஸ்டீராய்டு அளவு அதிகமாக இருக்கும் மாதங்களில் சர்க்கரை எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும்.

*கல்லீரலில் தழும்பு எவ்வளவு?* இதற்கு ஃபைப்ரோஸ்கேன் என்ற வலியில்லாத ஸ்கேன் இருக்கிறது. சிரோசிஸ் வந்தவர் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் கட்டாயம். கல்லீரல் புற்றுநோயைச் சின்னதாக இருக்கும்போதே பிடிக்க அதுதான் வழி. உணவுக்குழாய் நரம்பு வீங்கியிருக்கிறதா என்று எண்டோஸ்கோபியும் தேவைப்படலாம்.

நடுவில் வரும் குறுக்கு வழிகள்

மஞ்சள் காமாலை என்றால் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது கீழாநெல்லி. அதற்கு ஓர் ஆய்வு வரலாறும் உண்டு. 1988-ல் சென்னை ஆராய்ச்சியாளர்கள், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்த நோபல் விஞ்ஞானி பாரூக் பிளம்பர்க்குடன் சேர்ந்து, கீழாநெல்லி பற்றி லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற்பாடு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. இன்னும் முக்கியமாக, அது வைரஸ் நோய்க்கான ஆய்வு. உடம்பே உடம்பைத் தாக்கும் நோய்க்கு அதை எடுத்துப் பொருத்த முடியாது.

சீந்தில் கதை இன்னும் கவனிக்க வேண்டியது. கொரோனா காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்தி கூடும் என்று பலரும் சீந்தில் குடித்தார்கள். 2021-ல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் எடுத்துக்கொண்ட 6 பேருக்கு ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் போன்ற கல்லீரல் பாதிப்பு வந்ததை வெளியிட்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அடுத்த வருடம் நாட்டின் 13 மையங்களைச் சேர்ந்த மருத்துவர்கள் 43 நோயாளிகளின் விவரத்துடன் வந்தார்கள். விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். எதிர்ப்பு மண்டலத்தை அடக்க மாத்திரை சாப்பிடும் ஒருவர், அதே மண்டலத்தைத் தூண்டும் கஷாயத்தையும் சேர்த்துக் குடிப்பதில் என்ன அர்த்தம் இருக்கிறது? ஏற்கெனவே குடித்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயந்து மறைத்தால், எண் ஏன் ஏறியது என்று அவருக்குத் தெரியாமலே போகும்.

இங்கிலீஷ் மருந்திலும் குறுக்கு வழி இருக்கிறது. மூட்டு வலிக்கு யூரிக் அமிலம் பார்த்துவிட்டு, அலோபியூரினால் எழுதிக் கொடுப்பது சாதாரணமாக நடப்பது. அசதியோபிரின் சாப்பிடுபவருக்கு வழக்கமான அளவில் அதைச் சேர்த்தால், மருந்து உடம்பில் தேங்கி, வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். எந்த டாக்டரிடம் எதற்குப் போனாலும் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "நான் அசதியோபிரின் சாப்பிடுறேன்."

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய் பரிசோதனை செய்ய வேண்டும். எதிர்ப்பை அடக்கும் மாத்திரை, காசநோய்க்கும் கதவைத் திறந்து வைக்கிறது. மாத்திரை தீர்ந்துவிட்டது என்று ஸ்டீராய்டைச் சட்டென நிறுத்துவதும் தனி ஆபத்து. மாதக்கணக்கில் வெளியிலிருந்து கிடைத்த ஹார்மோனை உடம்பு தானே சுரக்க நேரம் எடுக்கும். அதற்குள் மயங்கி விழும் அளவுக்குப் போகலாம்.

கல்யாணம், குழந்தை...

இந்த நோயாளிகளில் பலர் இளம்பெண்கள். அதனால் அடுத்த கேள்வி வீட்டில் தவறாமல் வரும். நோய் அடங்கியிருந்தால் பெரும்பாலானவர்கள் குழந்தை பெற்றுக்கொள்ளலாம். கர்ப்பம் என்று தெரிந்த உடனே, குழந்தைக்கு ஆகாது என்று பயந்து தானாக மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய தவறு. குறைந்த அளவு பிரெட்னிசோலோனையும் அசதியோபிரினையும் பொதுவாகக் கர்ப்ப காலத்தில் தொடரவே சொல்கிறார்கள். ஆனால் மைக்கோபினோலேட் என்ற மருந்தில் இருப்பவர்கள், கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அது கருவைப் பாதிக்கும். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் நோய் மறுபடி தலைதூக்குவது அதிகம். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் அந்த மாதங்களில் தாய்க்கும் ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டும். தாயை மறந்துவிடுகிறோம்.

எல்லாவற்றுக்கும் மதுரையா?

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். மருந்தைத் தொடங்குவது, மாற்றுவது, நிறுத்துவது ஆகிய மூன்றும் கல்லீரல் நிபுணரின் முடிவு. அதற்கு மதுரைக்கோ சென்னைக்கோ போகத்தான் வேண்டும். ஆனால் நடுவில் வரும் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் ஏன் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஓட வேண்டும்? ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது, தனியார் லேப்களும் இருக்கின்றன. எல்எஃப்டி, சிபிசி, சர்க்கரை எல்லாம் இங்கேயே எடுக்கக்கூடியவை. ஐஜிஜி போன்றவற்றுக்கு ரத்த மாதிரி வெளியூர் போனால் போதும், ஆள் போக வேண்டியதில்லை.

பிரிட்டனில் இதை எழுத்து வடிவ ஒப்பந்தமாகவே வைத்திருக்கிறார்கள். பெரிய மருத்துவமனையின் நிபுணர் அசதியோபிரினை ஆரம்பிப்பார். நிலை சீரானதும் உள்ளூர்க் குடும்ப டாக்டர் ரத்தப் பரிசோதனையையும் மருந்துச் சீட்டையும் பார்த்துக்கொள்வார். எந்த எண் எவ்வளவு தாண்டினால் நிபுணருக்குச் சொல்ல வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். இங்கேயும் அதற்கு வழி இருக்கிறது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டி நெறிமுறைப்படி, ஏற்கெனவே பார்த்த நோயாளியின் தொடர் சிகிச்சையை டாக்டர் ஃபோனிலோ வீடியோவிலோ செய்யலாம். இ-சஞ்சீவனி என்ற அரசின் இலவச ஆன்லைன் ஆலோசனையும் இருக்கிறது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி, மதுரைக்கும் இந்த ஊர்களுக்கும் நடுவில் ஒரு படியாக இருக்க முடியும்.

மூணாவது படி, பட்டியல். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சர்க்கரை நோயாளிகளுக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எதிர்ப்பு அடக்கும் மருந்தில் இருப்பவர்களை, கல்லீரல் நோயாளி, முடக்குவாத நோயாளி, மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் என எல்லோரையும், அதே பதிவேட்டில் ஒரு பிரிவாகச் சேர்க்கலாமே? மாத்திரை வீட்டுக்கு வர வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. ரத்தப் பரிசோதனைத் தேதி தாண்டிவிட்டால், "அக்கா, இந்த மாசம் ரத்தம் கொடுக்கலையே?" என்று ஒரு ஃபோன் போதும்.

அரிதான நோய்க்கு இவ்வளவு ஏற்பாடா என்று கேட்கலாம். ஐரோப்பாவில் ஒரு லட்சம் பேரில் சுமார் 15 முதல் 25 பேருக்கு ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சிகளின் மக்கள்தொகை சேர்த்து சுமார் 2 லட்சம். அந்த விகிதத்தில் பாதிதான் இங்கே என்று ஒரு பேச்சுக்கு வைத்தாலும் 15 முதல் 25 பேர். ஒரு நோட்டுப் புத்தகத்தின் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். எண்ணிக்கை குறைவு என்பது இதைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. சுலபமாகச் செய்யலாம் என்பதற்கான காரணம். ஒருவரைத் தவறவிட்டால், அவர் சிரோசிஸோடு திரும்பி வருகிறார். மாற்றுக் கல்லீரல் வரை போனால் ஆகும் செலவில், இந்தப் பட்டியலில் உள்ள அத்தனை பேருக்கும் பல வருடம் ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம்.

உங்கள் கையில் இருக்கும் ஃபோன் போதும்

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டிலோ ஆபீஸிலோ யாருக்காவது இந்த நோய் இருந்தால், இந்த வாரமே இதைச் செய்து கொடுங்கள்:

- எல்லா ரிப்போர்ட்டையும் ஃபோட்டோ எடுத்து, தேதிவாரியாக ஒரே ஃபோல்டரில் போடுங்கள். பயாப்ஸி ரிப்போர்ட் முதலில் இருக்கட்டும்.
- தேதி, எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி, ஐஜிஜி, வெள்ளை அணு, பிளேட்லெட் என்று ஒரு சின்ன அட்டவணை. ஏற்றம் இறங்கல் ஒரே பார்வையில் தெரியும்.
- அடுத்த பரிசோதனைக்கு ஃபோனில் ரிமைண்டர். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே இன்னொன்று.
- சாப்பிடும் மருந்துகளின் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். விபத்து, அவசர ஆபரேஷன் என்றால் 'ஸ்டீராய்டு எடுக்கிறார்' என்ற ஒரு வரி உயிரைக் காப்பாற்றும்.
- அடுத்த முறை மதுரை போகும்போது நிபுணரிடம் கேட்க வேண்டியது: "எந்த டெஸ்ட்டை எங்க ஊரிலேயே எடுக்கலாம் டாக்டர்? எந்த எண்ணுக்கு மேல போனா உங்ககிட்ட வரணும்?" பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.
- தடுப்பூசி போடுவதற்கு முன்னால் கேளுங்கள். உயிருள்ள கிருமியைக் கொண்ட சில தடுப்பூசிகள் இவர்களுக்கு ஆகாது. ஹெபடைடிஸ் பி போன்றவை அவசியம்.

ஆபீஸில் டீம் லீடராகவோ ஹெச்ஆரிலோ இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பார்த்தால் நன்றாக இருக்கும் ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை லீவு கேட்டால், "நல்லாத்தானே இருக்கீங்க?" என்று கேட்காதீர்கள். அந்த லீவு இருப்பதால்தான் அவர் நன்றாக இருக்கிறார்.

மறுபடி அந்த 34 வயதுப் பெண்ணிடம் வருவோம். செக்கப்பை விடத் தேவையில்லை, மதுரைக்கு ஓடவும் தேவையில்லை. காலையில் வேலைக்குப் போகும் வழியில் லேப்பில் பத்து நிமிஷம். மாலையில் ரிப்போர்ட் டாக்டரின் ஃபோனில். எல்லாம் சரி என்றால் அடுத்த மூன்று மாதத்துக்கு நிம்மதி. சரியில்லை என்றால், கண் மஞ்சளாவதற்குப் பல வாரம் முன்பே மதுரைக்கு பஸ் ஏறலாம்.